கடைசியாகப் பேசுகிறவர்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு முதுகுவலி, ஆனால் வாய் நன்றாக வேலை செய்கிறது. உன் மனைவியும் இரண்டு வாண்டுகளும் எப்படி இருக்கிறார்கள்? அக்டோபரில் உன்னைப் படுத்தியெடுத்த காய்ச்சல் சுத்தமாக விட்டதா, இல்லை இன்னும் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறதா?

போனில் கேட்டால் ‘அப்புறம் பேசுறேன்க்கா’ என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் பதில் போடாமல் தப்பிக்க முடியாது. அதனால்தான் இது.

ஒரு பதிப்பாளர் என்னிடம் புத்தகம் கேட்டிருக்கிறார். விஸ்கி உலகத்தை உருவாக்குகிறவர்களோடு உரையாடல்கள். வடிக்கிறவர், பீப்பாய் செய்கிறவர், கலக்கிறவர், ஏலம் விடுகிறவர், எல்லோரும் வர வேண்டும். இருமல் மருந்து பாட்டிலைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ‘இதுல சாராயம் கலந்திருக்கா?’ என்று கேட்ட அப்பாவுக்குப் பிறந்தவர்கள் நாம். மகன் விஸ்கி கலக்குகிறான், மகள் அதைப் பற்றிப் புத்தகம் போடுகிறாள். அப்பா இருந்தால் நம் இரண்டு பேரையும் வெளியே நிற்க வைத்திருப்பார்.

முதல் உரையாடல் உன்னோடுதான். எப்போது வரட்டும்? சாக்குச் சொல்லாதே. நீ சாக்குச் சொல்லும்போது எப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியும்.

உன் அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அத்தானின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, வாய்க்கு மருந்து கிடையாது.

என்னை விட்டுவிடு அக்கா. நான் இன்னும் இரண்டாம் ஆள்தான். எங்கள் மேடத்திடம் போ. எந்தப் பீப்பாயை எதோடு சேர்த்தால் எங்கள் விஸ்கி வரும் என்று முப்பது வருஷமாகத் தீர்மானிக்கிறவர் அவர். ஊழியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ‘மூக்கம்மா’ என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. டிசம்பரிலேயே ஓய்வு பெற வேண்டியவர். அந்த இடம் எனக்கு என்று முதலாளியே சொல்லியிருந்தார். திடீரென்று ‘இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்’ என்று உட்கார்ந்துவிட்டார். நாற்காலியில் பசை தடவி வைத்திருக்கிறார் போல.

நீ கேட்பாய் என்று எங்கள் அறையைப் பற்றியும் சொல்கிறேன். காலையில் நான்கு பேர் உட்காருவோம். உள்ளே இருப்பதன் நிறம் தெரியாதபடி நீலக் கண்ணாடிக் கோப்பைகள். சரக்கில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, ஆவி போகாமல் மேலே ஒரு கண்ணாடி மூடி போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொருவராக மூடியை எடுத்து மோந்து பார்த்து, பேசாமல் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வாய் திறப்போம். இருப்பதிலேயே புதிய ஆள் முதலில் பேச வேண்டும், பெரியவர் கடைசியில். பெரியவர் முதலில் ‘இதில் புகை வாசம்’ என்றால் மற்றவர்களுக்கும் புகையே வந்துவிடும் இல்லையா, அதற்காக. நவம்பரிலிருந்து அந்தக் கடைசி இடத்தை மேடம் எனக்குக் கொடுத்திருக்கிறார். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், கடிதத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறாய். காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன், ஒரு வரி இல்லை.

உன் மேடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்காலில் இன்னும் கட்டு. ஜனவரியில் ஆபரேஷனாம். மூன்று மணி நேரம் பேசினார், பாதி நேரம் என்னைத்தான் கேள்வி கேட்டார். ‘வேலை நாள்ல பவுடர் கிடையாது, பூ கிடையாது, பச்சை வெங்காயம் கிடையாது. கல்யாணத்தன்னைக்குக்கூட சென்ட் போடல. வீட்டுக்காரர் பொண்ணு ஏழைன்னு நெனச்சுட்டார்’ என்றார். எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் பிடித்துப்போனவர்களைத்தான் நான் இன்னொரு தடவை திரும்பிப் பார்ப்பேன், உனக்குத் தெரியும்.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. என் முன்னால் ஒரு கோப்பையை வைத்தார். ‘நீங்க மோந்து பாருங்க, நீங்களே சொல்லுங்க’ என்றார். அவர் கடைசி வரை மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோகவே இல்லை. இன்னொன்று, மூன்று தடவை சுற்றிச் சுற்றி உன்னைப் பற்றிக் கேட்டார். ‘தம்பி வீட்டுல எப்படி சாப்பிடறார்?’ என்று. அலுவலகத்தில் ஒருத்தியாவது இரண்டாம் ஆளின் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுவாளா?

முந்தின வாரம் பீப்பாய் செய்கிறவரைப் பார்த்தேன். உங்கள் ஆலைக்கும் இன்னும் நான்கு ஆலைகளுக்கும் பீப்பாய் தருகிறவர். உங்கள் புதிய சரக்கைக் குடித்தாராம். ‘மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி இருக்கு. ஒரு பூஞ்சைப் பீப்பாய் உள்ள போயிருக்கு. அந்தக் கட்டடத்துல யாருக்கோ மூக்கு செத்துப்போச்சும்மா’ என்றார். யாருக்கு?

உன் அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் தாமதம், வேலை. எல்லோரும் நலம்.

பீப்பாய்க்காரர் பேச்சைக் கேட்காதே. அவருக்கு எங்களோடு பழைய தகராறு. ஒரு தொகுதி சரியாக அமையவில்லை என்பது உண்மைதான். அதற்காக மூக்கு செத்துப்போச்சு என்பதெல்லாம் அவர் வாய்க்கொழுப்பு.

மேடம் என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது நீ என்ன பதில் சொன்னாய்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

உன் தம்பி

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஆறு வாரம் கழித்து ஆறு வரி எழுதியிருக்கிறாய்.

நான் என்ன சொன்னேனா? உன் மனைவி என்னிடம் சொன்னதைத்தான் சொன்னேன். ‘முன்னாடியெல்லாம் பாத்திரத்தைத் திறக்கறதுக்குள்ளயே குறை சொல்லுவார். இப்ப எதை வெச்சாலும் வாயே திறக்காம சாப்பிட்டு எழுந்துடறார். எனக்கு நிம்மதி அண்ணி’ என்றாளே, அதை. மேடம் சிரிக்கவில்லை. ‘அப்படியா’ என்று சன்னலைப் பார்த்தார். இதில் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது?

இப்போது நேராகக் கேட்கிறேன். நீயும் நேராகச் சொல். அந்தச் சாக்கு நாற்றத்தை உள்ளே விட்டது யார்? மேடத்தின் அத்தியாயத்தை நான் எழுதியாக வேண்டும். ‘முப்பது வருஷ மூக்கு’ என்று புகழ்ந்து எழுதிவிட்டு, பிறகு அந்த மூக்கே பொய் என்று ஆனால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? தம்பியே அக்காவின் புத்தகத்தில் பொய் எழுத வைத்தான் என்று உன்னையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

குழந்தைகளுக்கு முத்தம்.

உன் அக்கா

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம்.

நான் சொன்னதாக இருக்கக் கூடாது. சத்தியம் பண்ணிக்கொடு, பிறகு படி.

அந்த அறையில் கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதுதான் தீர்ப்பு. முப்பது வருஷம் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் நவம்பரில் திடீரென்று எனக்குக் கொடுத்தார். ஏன்? எனக்கு முன்னால் பேசிவிட்டால் பொறுப்பு என் தலையில் விழும், அவர் தப்பிக்கலாம். இப்போதெல்லாம் அவர் சொல்வது சுருக்கமாகத்தான் இருக்கிறது, ‘பழம்’, ‘மரம்’ என்று. சில நாள் எல்லோருக்கும் முன்னால் வந்து தனியாக அறையில் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்கிறார் என்று தெரியாது. நாற்காலியை ஏன் விடவில்லை என்றும் நீயே யோசி. நல்ல மூக்கோடு போகிறவர் தலை நிமிர்ந்து போவார். இல்லாதவர்தான் ஒட்டிக்கொண்டு இருப்பார்.

பூஞ்சைப் பீப்பாய் அவர் ஆபரேஷனுக்குப் போகும் முன் பொறுக்கியதுதான். இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

உன் தம்பி

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அத்தான் எழுந்து நடக்கிறார், நடந்துகொண்டே குறை சொல்கிறார்.

இந்தத் தடவை நான்கே நாளில் பதில். உனக்கு இவ்வளவு வேகமாக எழுத வரும் என்றே எனக்குத் தெரியாது.

ஏலக்காரர் ஒருவரோடு பேசினேன். பழைய விஸ்கி புட்டிகளை ஏலம் விடுகிறவர், அவரை நம்பித்தான் பெரிய பெரிய ஆட்கள் கை தூக்குகிறார்கள். அவர் எனக்கு நாற்பது வருஷச் சரக்கு என்று ஒரு சின்னப் புட்டி கொடுத்தார். அதில் பாதியை இதோடு அனுப்புகிறேன். மேடம் முன்னால் வை. மற்றவர்கள் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம். என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுது. அவர் மூக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இப்படி வேவு பார்ப்பது கேவலமாகத்தான் இருக்கிறது. நீ சொன்னதை அப்படியே நம்பி எழுதிவிடுவது அதைவிடக் கேவலம்.

உன் அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பல் விழுந்திருக்கிறது.

புட்டி பத்திரமாக வந்தது. மேடத்திடம் வியாழக்கிழமை கொடுத்தேன். கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, ‘ம், ஏதோ மரம். எனக்குப் பிடிபடல, நீங்க பாருங்க’ என்று தள்ளி வைத்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது. இனி நீ உனக்குத் தோன்றுகிறபடி எழுது.

அவர் போன பிறகு நானும் மோந்து பார்த்தேன். அடேயப்பா! உலர்ந்த திராட்சை, பழைய அலமாரியைத் திறந்தால் வருமே அந்த வாசம், கடைசியில் லேசாகப் புகை. நாற்பது வருஷம் வீண் போகவில்லை. ஏலக்காரருக்கு என் நன்றியைச் சொல்.

உன் தம்பி

ஜூலை 16

தம்பி,

நீ நலமாக இல்லை. அதனால் கேட்கவில்லை.

அந்தப் புட்டியில் இருந்தது நாற்பது வருஷச் சரக்கு இல்லை. பீப்பாயையே பார்க்காத பச்சைச் சாராயத்தில் நிறத்துக்குத் தேயிலைச் சாயம் விட்டு, யாரோ ஏலக்காரரை ஏமாற்றப் பார்த்த போலி. அவர் பிடித்து வைத்திருந்தார். ‘மூக்குன்னு ஒண்ணு இருக்கறவங்க மூடியைத் திறந்ததும் மூடிடுவாங்க’ என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். என் அடுக்களையில் வைத்துத் திறந்தேன், அத்தான் அடுத்த அறையிலிருந்து ‘யார் கதவுக்கு வார்னிஷ் அடிக்கறது?’ என்று கத்தினார். போலி என்று உன்னிடம் சொன்னால் உன் முகம் மேடத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் மறைத்தேன். பொறி மேடத்துக்கு வைத்தது. உன் கடிதத்தில் உலர்ந்த திராட்சை வருகிற வரியை மூன்று தடவை திரும்பப் படித்தேன்.

அப்போதும் நான் உன்னை நம்பத்தான் பார்த்தேன். ஏதோ தப்பான புட்டி மாறியிருக்கும் என்று. மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு நேராக மேடம் வீட்டுக்குப் போனேன்.

கோப்பையில் ஊற்றி முடிக்கவில்லை, உள்ளங்கையால் மூடிவிட்டார். ‘யார் வீட்டு மேஜைக்கு அடிக்கற பாலிஷ் இது? தேயிலைத் தண்ணி வேற. நேத்து கொதிச்ச தேயிலை’ என்றார். வியாழக்கிழமை நீங்கள் இதைத்தானே பார்த்தீர்கள் என்று கேட்டேன். எந்த வியாழக்கிழமை என்று கேட்டார். நீ அவருக்கு அந்தப் புட்டியைக் காட்டவே இல்லை.

எனக்கு ஆத்திரம். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். சத்தியத்தையும் மறந்து கொட்டிவிட்டேன். ‘உங்களுக்கு மூக்கு போனதாலதான் கடைசி இடத்தை விட்டுக்கொடுத்தீங்கன்னு சொல்றாங்களே’ என்றேன். யார் சொன்னது என்று கேட்டார். நான் புட்டியின் மூடியைத் தேட ஆரம்பித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

‘காய்ச்சல் விட்டு உங்க தம்பி வேலைக்கு வந்தாரு பாருங்க, அந்த வாரமே எனக்குத் தெரியும். கோப்பை மேல இருந்த கண்ணாடி மூடியை எடுக்கவே இல்ல. மூடியோட மோந்து பார்த்துட்டு மூணு வரி எழுதினாரு. நல்ல வரிங்க. பக்கத்துல இருந்த புதுப் பொண்ணு பார்த்துடப் போறான்னு நான் என் கோப்பையைத் தட்டிவிட்டு எல்லாரையும் துடைக்க வெச்சேன். அன்னைக்கு அவர் மூணாவதா பேசினாரு, தப்பாத்தான் பேசினாரு. மறுநாளே கடைசி இடத்தைக் கொடுத்துட்டேன். மத்த மூணு பேர் சொன்னதைக் கேட்டுட்டு சொன்னா தப்பு வராதுல்ல. காய்ச்சல்ல போன மூக்கு ஒரு வருஷத்துல திரும்பினாலும் திரும்பும்னு டாக்டர் சொன்னாரு. யாருக்குன்னு சொல்லாமத்தான் கேட்டேன். சரி, ஒரு வருஷம் இருப்போம்னு இருந்துட்டேன். காலையில சீக்கிரம் வந்து அவர் பொறுக்கினதையெல்லாம் ஒரு தடவை பார்த்துடுவேன். நான் ஆஸ்பத்திரியில கிடந்த ரெண்டு வாரம்தான் பார்க்க முடியல.’

அந்த இரண்டு வாரத்தில்தான் பூஞ்சைப் பீப்பாய் உள்ளே போயிருக்கிறது. பொறுக்கியது நீ.

என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுது.

அக்கா

செப்டம்பர் 4

தம்பிக்கு,

ஆகஸ்ட் முழுக்கத் தபால்காரரை எதிர்பார்த்தே போய்விட்டது. போனையும் எடுக்கவில்லை. உன் மனைவிக்கு எதுவும் தெரியாது என்று அவள் பேச்சிலிருந்தே புரிந்தது. நானும் சொல்லவில்லை.

மேடம் எனக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘என் அத்தியாயத்தில் எனக்குத்தான் மூக்கு போயிற்று என்றே போட்டுவிடுங்கள். நான் எப்படியும் வீட்டுக்குப் போகிறவள். அவருக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்’ என்று. உன்னைப் பற்றி வேறு ஒரு வார்த்தை இல்லை.

நான் அப்படி எழுதமாட்டேன். உன்னைப் பற்றியும் எழுதமாட்டேன், கூடப் பிறந்தவள் செய்கிற வேலையில்லை அது. மேடத்தின் அத்தியாயத்தையே எடுத்துவிடலாம் என்றால், பீப்பாய்க்காரர் கிளப்பிய பேச்சு ஊர் முழுக்க அவர் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. புத்தகத்தில் அவர் இல்லையென்றால் அது உறுதியாகிவிடும். வருஷக் கடைசியில் முதலாளி உன் பெயரை அறிவிக்கப் போகிறார். அதற்குள் நீதான் ஏதாவது செய்ய வேண்டும். நான் என்ன செய்தாலும் யாரோ ஒருவருக்குத் துரோகம்.

முதல் கடிதத்திலேயே நலமில்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? நான் உன்னை என்ன செய்திருப்பேன்?

அக்கா

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் வணக்கம். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்குதான் போய்விட்டது. ஒரு வருஷமாக எனக்கு எந்த வாசமும் தெரியாது. இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

முதலில் என் மனைவியிடம் சொன்னேன். அழுதாள். பிறகு, ‘அப்ப ஒரு வருஷமா நான் சமைச்சதுல எதுவுமே உங்களுக்குத் தெரியலையா?’ என்று கேட்டாள். அதற்குத்தான் இன்னும் அதிகம் அழுதாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். பயம் அக்கா. வேறு எதுவும் இல்லை. எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். நீ மேடத்தைச் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, என்னைக் கேட்காமல் அவரைக் கேட்கிறாளே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் மேற்கொண்டு எல்லாவற்றையும் எழுதினேன். அவர் எனக்காகத்தான் இடம் மாறினார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. என் மூக்கைப் பிறரிடமிருந்து மறைப்பதிலேயே குறியாக இருந்தேன், யாரோ அதைப் பார்த்துவிட்டு எனக்காக மறைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலாளியிடம் போனேன். மூக்கைப் பற்றியும் சொன்னேன், பூஞ்சைப் பீப்பாய் நான் பொறுக்கியது என்றும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். ‘இதை அவங்க முன்னாடி சொல்லுங்க’ என்று மேடத்தையும் மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும் திரும்பச் சொன்னேன். அறைக்கு இனி நான் போக வேண்டியதில்லை. கிடங்கில் ஏதாவது வேலை பார்க்கலாம் என்றார். மேடத்தின் இடத்துக்கு அந்தப் புதுப் பெண்ணைப் பழக்குகிறார்கள். அதற்காக மேடம் இன்னும் இரண்டு வருஷம் இருக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் வலியோடு.

வெளியே வந்ததும் மேடத்திடம் மன்னிப்புக் கேட்டேன். படிக்கட்டில் ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார். கையைக் கொடுத்தேன், பிடிக்கவில்லை. கீழே இறங்கி நின்ற பிறகுதான் பேசினார்.

‘மூக்கு இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீங்க என் மேல பழி போட்டீங்கன்னு உங்க அக்கா முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மூக்குக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன். இதுக்கு எவ்வளவு நாள் காத்திருக்கணும்னு நீங்களே சொல்லுங்க.’

அவர் கொஞ்ச நேரம் நின்றார், நிஜமாகவே பதிலுக்கு நிற்கிறவர் மாதிரி. பிறகு போய்விட்டார்.

அவருடைய அத்தியாயத்தை உள்ளது உள்ளபடி எழுது. என்னைப் பற்றி வருகிற இடத்தில் தம்பி என்று பார்க்காதே.

குழந்தைகள் உன்னைக் கேட்கிறார்கள்.

உன் தம்பி